மாவுக்கட்டுக்குள்ள போன கம்பி

காலு ஒடிஞ்சா வலிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அரிக்கும்னு ஒருத்தனாவது சொன்னானா? ஒருத்தனும் சொல்லல. வலியாவது பரவாயில்ல, பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்துரலாம். இந்த அரிப்பு இருக்கே, அது மனுசனக் கிறுக்காக்கிரும். தொடையில இருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. உள்ள, கெண்டைக்கால் பக்கம் எங்கயோ ஒரு இடத்துல அரிக்குது. என் சொந்தக் காலு, கைக்கு எட்டுற தூரத்துல கெடக்கு, தொட முடியல. மேல தட்டிப் பாத்தேன். ஓரத்துல வாய வச்சு ஊதிப் பாத்தேன். நல்ல காலால உதைச்சும் பாத்தேன். ஒண்ணும் நடக்கல.

இது அறுபதுகள்ல நடந்தது. அப்ப நான் பம்பாயில, தாராவியில குடியிருந்தேன். குர்லாவுல ஒரு பட்டறையில லேத்து ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் பட்டறை வாசல்ல கைவண்டியில வந்த இரும்புக் கம்பிக் கட்டு சரிஞ்சு, மொழங்காலுக்குக் கீழ விழுந்துது. எலும்பு ரெண்டாப் போச்சு. பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போனாங்க. அதுக்குப் பேரு வேண்டாம், எந்த ஆசுபத்திரிய எடுத்தாலும் அன்னைக்கு அப்படித்தான். காலத் தொறந்து, உள்ள தகடு வச்சு, ஸ்க்ரூ போட்டு முடுக்கி, தையல் போட்டு, மேல மாவுக்கட்டும் கட்டிட்டாங்க. லேத்துக்காரன் காலுக்கே ஸ்க்ரூவான்னு பட்டறையில இருந்து பாக்க வந்தவனுவ சிரிச்சானுவ. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு உள்ளபடியே நல்லபடியாத்தான் முடிஞ்சிருந்துது.

வார்டு ஒரு நீள ஹால். ஜன்னல் பக்கம் ஒரு வரிசைக் கட்டில், கக்கூஸ் பக்கம் ஒரு வரிசை. என்னய ஜன்னலோரம் போட்டிருந்தாங்க. நல்ல காத்து, வெளிச்சம். கக்கூஸ் பக்கத்துல கெடந்தவங்களுக்கு ஈயும் நாத்தமும். எதுக்கு இந்தப் பிரிவினைன்னு நான் கேக்கல. முன்னால வந்தவனுக்கு ஜன்னல் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பிரிச்சுப் போட்டது வார்டு சிஸ்டர். மலையாளத்து அம்மா, கொஞ்சம் வயசானவங்க, அவங்க செருப்புச் சத்தம் கேட்டாலே வார்டு கப்சிப்னு ஆயிரும்.

ஜன்னலோரம் எனக்கு ஒரு கொறைதான். பேச ஆளில்ல. ஒரு பக்கம் குஜராத்திப் பெரியவரு, இன்னொரு பக்கம் கொங்கணத்து மில் தொழிலாளி. ரெண்டு பேரும் நல்ல மனுசங்கதான், சிரிப்பாங்க, பழம் குடுப்பாங்க. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஹிந்தி பட்டறை ஹிந்தி. எடு, வை, புடி, அதுக்கு மேல வசவு. அத வச்சு ஒரு சீக்காளிகிட்ட என்னத்தப் பேச? பேசாம இருக்க எனக்குப் பொறந்ததுல இருந்தே வராது. லேத்து ஓடுற சத்தத்துலயும் கத்திக் கத்திப் பேசுறவன் நான். காலயும் கட்டி, வாயயும் கட்டிப் போட்டா எப்படி இருக்கும்? படுக்கையில அப்படியும் இப்படியும் பொரண்டு, பக்கத்துக் கட்டில்காரங்க தூக்கத்தக் கெடுத்ததுதான் மிச்சம்.

என் பொஞ்சாதி பாடு அதவிட மோசம். அவ ஊருல இருந்து வந்து வருசம் ஒண்ணு ஆகல. சாயங்காலம் பாக்க விடுற நேரத்துக்கு ரெண்டு பஸ் மாறி, தூக்குச் சட்டியோட வந்து ஸ்டூல்ல உக்காருவா. யாராவது ஏதாவது கேட்டா என் முகத்தப் பாப்பா. நான் இல்லாத நேரத்துல நீங்க யாருகிட்ட தண்ணி கேப்பீங்கன்னு அவளுக்குக் கவல.

அவளுக்கு அண்ணன் ஒருத்தரு, எனக்கு மச்சான். மாட்டுங்கா மார்க்கெட்டுல வாழை எல வியாபாரம். எங்க ஆளுக யாருக்குச் சீக்கு வந்தாலும் முதல் ஆளா ஒரு கூட்டத்தத் தெரட்டிக்கிட்டு வந்து நிக்கிறவரு. ஒரு ஞாயித்துக்கிழம அப்படி ஒரு படையோட வந்தாரு. வந்தவரு கக்கூஸ் பக்கம் போயிட்டுத் திரும்பும்போது அங்கன ஒரு கட்டில்ல இருந்து "எளவு, இந்த ஈயி போவமாட்டங்கே"ன்னு ஒரு சத்தம். மச்சானுக்குக் காது நிமிந்துட்டு.

"ஏ, யாரு அது? நம்ம ஊருப் பக்கமா?"

தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. துறைமுகத்துல மூட்ட தூக்குறவரு. மேல இருந்து விழுந்து காலு ஒடிஞ்சு, மாசக்கணக்காக் கெடக்காரு. பம்பாயில நாதியில்ல. மச்சான் ஓடி வந்து எங்கிட்ட சொன்னாரு. "மாப்ள, நம்ம ஆளு ஒருத்தரு இருக்காருல்லா! நீரு இங்கன ஊமையாட்டம் கெடக்கீரு. அவரு பக்கத்துல கட்டில் காலியா இருக்கு. இப்பவே மாத்திருவோம்."

அந்த வாரம்தான் சிஸ்டரம்மா லீவுல ஊருக்குப் போயிருந்தாங்க. இருந்தா நடந்திருக்குமா? வார்டுபாய்கிட்ட மச்சான் தோள்ல கை போட்டு என்னமோ பேசினாரு. அவன் சிரிச்சுக்கிட்டே வந்து கட்டிலத் தள்ளினான். பின்னால பொஞ்சாதி தூக்குச் சட்டியோட, அதுக்குப் பின்னால மச்சான் தலகாணியோட, கூட்டம் மொத்தமும் நடந்து வந்துது. கல்யாண ஊர்வலம் தோத்துப் போகும். குஜராத்திப் பெரியவரு மட்டும் கையக் கையக் காட்டி வேண்டாம் வேண்டாம்னு என்னமோ சொன்னாரு. நாங்க போறதுல அவருக்கு வருத்தம் போலன்னு நெனச்சு நானும் கையக் காட்டினேன்.

எனக்கு ஒரே சந்தோசம். அதுல பொய் சொல்ல என்ன இருக்கு? அண்ணாச்சி நல்ல பேச்சுக்காரரு. துறைமுகத்துக் கதை சொன்னா விடிய விடியக் கேக்கலாம். வே, வேன்னு அவரு கூப்பிடுறதக் கேட்டா காலு வலியே மறந்து போகும். பொஞ்சாதிக்கு முகம் தெளிஞ்சுது. மறுநாள்ல இருந்து ரெண்டு பேருக்கும் சேத்துக் கொழம்பு வச்சுக் கொண்டு வந்தா. ஒரே தட்டுல எடுத்துக் குடுப்பா, ஒரே துண்டுல ரெண்டு பேரும் வாயத் தொடப்போம். அண்ணாச்சி கட்டுல ஓட்ட போட்டு வச்சிருந்தாங்க. அது வழியா மஞ்சளா ஒழுகும். வாடையும் உண்டு. பாவம் மனுசன்னுதான் தோணிச்சு. பக்கத்துல இருந்து பழகினா வாடையும் பழகிப் போகுது.

அரிப்புதான் பழகல. ஒரு மத்தியானம் நான் கட்டில் கம்பியில மண்டய முட்டாத கொறையாத் தவிச்சுக்கிட்டிருக்கேன். அண்ணாச்சி மெத்தைக்கு அடியில கைய விட்டு ஒண்ண எடுத்தாரு.

"இந்தாரும் வே. இத உள்ள விட்டு ஒரு இழுப்பு இழும். சொர்க்கம்."

சைக்கிள் சக்கரத்துக் கம்பி. ஒரு முனையக் கைப்பிடியா வளைச்சு, மறு முனையத் தட்டிச் சப்பையாக்கி, நுனியில ஒரு சின்னக் கொக்கி. லேத்துக்காரன் நான், நல்ல வேலப்பாடுன்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன். கட்டுக்கும் காலுக்கும் நடுவுல மெள்ள விட்டேன். தேடுற இடம் எட்டிச்சு. ஆத்தாடி! அந்த சொகத்த நான் எந்த வார்த்தயில சொல்ல? கண்ணுல தண்ணி வந்துட்டு.

அந்த வரிசையில மாவுக்கட்டுப் போட்டவன் அத்தன பேருக்கும் அந்தக் கம்பிதான் கதி. பீடிக்கு நெருப்பு கேக்குற மாதிரி கேப்பாங்க. சைகை போதும், பாஷை வேண்டாம். நான் பத்து வார்த்த பேசத் தெரியாத ஆளுகிட்ட எல்லாம் அந்தக் கம்பியால சிநேகம் ஆச்சு. சொறிஞ்சு முடிச்சவன் போர்வையில ஒரு தடவ தொடச்சு அடுத்த கட்டிலுக்குக் குடுப்பான். செருப்புச் சத்தம் கேட்டா மெத்தைக்கு அடியில போயிரும். எவன் கொண்டு வந்ததுன்னு யாரும் கேக்கல.

கம்பிய மட்டும் குத்தம் சொன்னா நியாயமில்ல. கட்டு மாத்துற ஆளு ஒருத்தன் தள்ளுவண்டியோட வருவான். ஒரு எனாமல் கிண்ணத்துல மருந்துத் தண்ணி, அதுல ஒரு இடுக்கி. இவன் புண்ணத் தொட்ட இடுக்கி கிண்ணத்துல முங்கி எந்திரிச்சு அடுத்தவன் புண்ணுக்குப் போகும். சிஸ்டரம்மா இருந்தப்ப அவன் ஜன்னல் பக்கத்துல தொடங்கி கக்கூஸ் பக்கம் முடிப்பான். அவங்க லீவுல போனதும், வாசலுக்குக் கிட்டன்னு கக்கூஸ் பக்கத்துல தொடங்கி ஜன்னலுக்குப் போனான். அவனுக்கு நட மிச்சம்.

எனக்குக் காய்ச்சல் வந்துது. மொதல்ல காய்ச்சல்னே நெனைக்கல, ராத்திரி கொசுக்கடியில ஒறக்கம் கெட்டதுன்னு நெனச்சேன். பொறவு குளிரு. அப்புறம் கட்டுக்குள்ள ஒரு குத்து வலி, தெறிக்கிற வலி. அரிப்பு இருந்த இடம் பூரா இப்ப நெருப்பு. ஒரு நாள் சோத்த வாயில வைக்கப் போறேன், ஒரு வாட வருது. அண்ணாச்சி கட்டு வாடதான்னு அவரு பக்கம் திரும்பினேன். அவரு என் கட்டப் பாத்துக்கிட்டிருந்தாரு.

அன்னைக்குத்தான் சிஸ்டரம்மா லீவு முடிஞ்சு வந்தாங்க. ஜன்னலோரம் போயிப் பாத்து, கட்டிலக் காணாம, வார்டப் பூரா ஒரு சுத்து பாத்து, நேர என் முன்னால வந்து நின்னாங்க.

"ஆரு? இந்த ஆள ஆரு இங்கோட்டு மாத்தினது?"

வார்டுபாய் ஓடியே போயிட்டான். அவங்க போட்ட சத்தத்துல கீழ்மாடியில இருந்து ஆளு வந்துது. மாவுக்கட்டுல ஜன்னல் மாதிரி ஒரு ஓட்ட வெட்டினாங்க. தையல் பிரிஞ்சு சீழு வந்துது. பென்சிலின் ஊசி போட்டாங்க. தினம் போட்டாங்க. ஊசி குத்தின இடம் வீங்கிச்சே தவிர காய்ச்சல் எறங்கல.

டாக்டர்மார் கூட்டமா வந்து பாத்து இங்கிலீசுல பேசிட்டுப் போனாங்க. சிஸ்டரம்மாதான் எங்களுக்குச் சொன்னாங்க. என்கிட்ட சொல்லல, பொஞ்சாதியப் பாத்துச் சொன்னாங்க. ஊசி மருந்த மாத்துறாங்களாம். அதுக்கும் கேக்கலன்னா, உள்ள இருக்கிற தகடு வழியா சீழு எலும்புக்குள்ள ஏறிரும். அப்ப மொழங்காலுக்கு மேல எடுத்துருவாங்க.

எடுத்துருவாங்கன்னா? காலத்தான்னு வெளங்க எனக்கு ரெண்டு நிமிசம் பிடிச்சுது. லேத்துக்கு முன்னால நின்னுதான் வேல பாக்கணும். காலு வழுக்கினா கையும் போயிரும். ஒத்தக் காலுல எந்த முதலாளி நிக்க விடுவான்? எனக்கு வேற தொழில் தெரியாது. தெரிஞ்சுக்கிற வயசா, அதுவும் இல்ல. நடந்து வந்தவன்கூட இல்ல நான், தூக்கிட்டு வந்தாங்க. ஆனா ரெண்டு காலோட தூக்கிட்டு வந்தாங்க. கம்பிக் கட்டு விழுந்தும் போகாத காலு, ஆசுபத்திரிக் கட்டில்ல படுத்துப் போகுமா? எனக்கு வந்த ஆத்திரத்துல கையில கெடச்ச டம்ளரத் தூக்கி எறிஞ்சேன்.

"இது எதுக்கு அம்மா இப்படி வந்துது?"ன்னு கேட்டேன்.

"ஜன்னல் பக்கம் எல்லாம் சுத்தமான கேஸ். இந்தப் பக்கம் எல்லாம் சலம் பிடிச்ச, சீழு வச்ச கேஸ். ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் போயிரும். அதுக்காக்கும் நான் பிரிச்சுப் போட்டது."

"அத எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா? சொல்லியிருந்தா மாறியிருப்போமா?"

அவங்க பக்கத்துக் கட்டிலப் பாத்தாங்க. அண்ணாச்சி சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்திருந்தாரு. மெள்ள, காதுல சொல்ற மாதிரி சொன்னாங்க. "உங்ககிட்ட சொன்னா அவங்ககிட்டயும் சொல்லணுமே. இந்த வரிசையில கிடக்கிறவங்கள்ல பாதிப் பேரு சலத்தோட வந்தவங்க இல்ல. இங்க வந்து பிடிச்சது."

அதக் கேட்ட பொறவுதான் எனக்கு ஒவ்வொண்ணா நெனப்பு வந்துது. நாங்க குடியிருந்த சால்ல, அந்த வரிசை வீட்டுல, ஒருத்தி பிரசவத்துக்கு ஆசுபத்திரிக்குப் போயி பிள்ளையப் பெத்து, சிரிச்சுக்கிட்டிருந்தவ காய்ச்சல்ல போயிட்டா. குடலெறக்க ஆப்பரேசனுக்குப் போன ஒருத்தரு வருசம் பூரா வயித்துல துணியச் சுத்திக்கிட்டுத் திரிஞ்சாரு. நாங்க என்ன சொல்லுவோம்? அவ விதி, அவரு ஒடம்பு வாகுன்னு சொல்லுவோம். போன எடத்துல பிடிச்சதுன்னு யாருக்குத் தோணும்? அப்படிப் போனவங்கள யாரு எண்ணினா? சீக்குக்கு மருந்து வாங்கப் போற எடத்துல சீக்கயும் சேத்துக் குடுக்காங்கன்னா எவன்கிட்ட போயி சண்ட போட? இத நெனச்சா இன்னைக்கும் எனக்கு உக்காந்திருக்க முடியாது, எந்திரிச்சு நடப்பேன்.

என்னயத் தனியா வராந்தா ஓரத்து ரூமுக்கு மாத்துறதுக்காக மெத்தயத் தூக்கினாங்க. கம்பி தரையில விழுந்துது. அன்னைக்கு அது என் முறை, என்கிட்டதான் இருந்துது. சிஸ்டரம்மா குனிஞ்சு எடுத்தாங்க. நுனிக் கொக்கியப் பாத்தாங்க.

"இது ஆருடையது?"

அண்ணாச்சிதான் எந்திரிச்சு உக்காந்தாரு. "என்னுதுதான் அம்மா. எனக்கு முன்ன இந்தக் கட்டில்ல கெடந்தவன் குடுத்துட்டுப் போனான்."

"அவன் எங்க?"

"அவனுக்குக் கால எடுத்தாங்க. பொறவு ஆளும் போயிட்டான்."

எனக்குக் கொலவெறி வந்துட்டு. "தெரிஞ்சேவா என்கிட்ட குடுத்தீரு? சவத்து மூதி, உம்மால என் காலு போகப் போகுதேவே!"ன்னு கத்தினேன். இன்னும் என்னென்னமோ கத்தினேன், எழுத முடியாத வார்த்த எல்லாம் வந்துது.

அவரு திருப்பிக் கத்தல. "இதுல இருந்துதான்னு எனக்கு என்ன வே தெரியும்? நீரு தவிச்சீரு. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். குடுத்தேன்."

வராந்தா ரூமுல தனியாக் கெடந்தேன். புது ஊசி, காலையும் சாயங்காலமும். சிஸ்டரம்மா கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துதான் என் கட்டத் தொடுவாங்க, தொட்டுட்டும் கழுவுவாங்க. வேற யாரையும் தொட விடல. அரிப்பு வந்தா கத்தரிக்கோல் பிடியால கட்டு மேல டொக்கு டொக்குன்னு தட்டுவாங்க. கொஞ்சம் அடங்கும். தெர்மாமீட்டர எடுத்ததும் அவங்க முகத்தப் பாப்பேன். அவங்க முகத்துல ஒண்ணும் தெரியாது. இப்பவே எடுக்கிறதுன்னா எடுத்துத் தொலைங்கன்னு ஒரு நேரம் தோணும், மறு நேரம் கட்டப் புடிச்சுக்கிட்டு அழுவேன். போகப் போற கால விரல ஆட்டி ஆட்டிப் பாத்துக்கிட்டே பொழுத ஓட்டினேன்.

மச்சான் வந்தாரு, தல குனிஞ்சு நின்னாரு. அவர நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல வேண்டியத எல்லாம் தங்கச்சிக்காரி சொல்லி முடிச்சிருந்தா. ஆனா அவளே தினம் தூக்குச் சட்டியில இருந்து ஒரு பங்கு எடுத்து அண்ணாச்சிக்குக் குடுத்துட்டுத்தான் வருவா. தெரிஞ்சதும் எனக்கு எரிச்சல் தாங்கல.

"அந்த ஆளுக்கு எதுக்குட்டி சோறு?"

"அவரா நம்மளக் கூப்பிட்டாரு? பேச்சுத் தொணைக்கு நாமதான போனோம்"னா அவ. சட்டிய மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

காய்ச்சல் எறங்கிச்சு. ஒரேயடியா இல்ல, எறங்கும், ஏறும், திரும்ப எறங்கும். தகடக் கழட்டினாங்க. சீழு கொறஞ்சு, நின்னுது. ஒரு காலைல பெரிய டாக்டர் வந்து விரல ஆட்டச் சொன்னாரு. ஆட்டினேன். சிஸ்டரம்மா என்னயப் பாத்து மொதத் தடவயா சிரிச்சாங்க. "காலு இருக்கும். கொஞ்சம் குட்டையா இருக்கும்." குட்டையா இருந்தா என்ன! அந்தம்மா கையப் புடிச்சுக் கும்பிட்டேன். ஒடனே கையக் கழுவப் போயிட்டாங்க.

வீட்டுக்குப் போற அன்னைக்கு அக்குள்ல ரெண்டு ஊணுகட்டையக் குடுத்து நடக்க விட்டாங்க. வார்டு வழியாத்தான் வாசலுக்குப் போகணும். அண்ணாச்சி கட்டிலப் பாக்காமத் தாண்டிரணும்னுதான் இருந்தேன். பொஞ்சாதி ரெண்டு எட்டு முன்னால போயிட்டு, அவரு கட்டில் கிட்ட நின்னுட்டா. நானும் நிக்க வேண்டியதாப் போச்சு.

மனுசன் பாதியா மெலிஞ்சிருந்தாரு. போர்வ கழுத்து வரைக்கும் இருந்துது. ஒரு பக்கம் காலு மேடாத் தெரிஞ்சுது. இன்னொரு பக்கம் தொடையில இருந்து கீழ போர்வ தட்டையாக் கெடந்துது. நான் பொஞ்சாதி முகத்தப் பாத்தேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்லல.

"போறீரா வே?"ன்னு கேட்டாரு. "காலு நிக்குமாமே. சொன்னா உம்ம வீட்டுல. சந்தோசம் வே."

அவரு கைய நீட்டி என் சட்டயப் புடிச்சு இழுத்தாரு, ரகசியம் சொல்ற மாதிரி.

"கம்பி எங்க வே? சிஸ்டரம்மா எங்கயாவது போட்டு வச்சிருக்காளா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"அரிக்குது வே. தாங்க முடியல. ராத்திரி பகலா அரிக்குது."

"எங்க?"

"காலுலதான். கணுக்கால் பக்கம்."

ஊணுகட்ட ரெண்டயும் சுவத்துல சாய்ச்சேன். கட்டில் ஓரத்துல உக்காந்தேன். வாசல்ல டாக்சி நிக்குதுன்னு மச்சான் கூப்பிடுறாரு. போர்வ தட்டையாக் கெடந்த இடத்துல கைய வச்சு நகத்தால சொறிஞ்சேன். அண்ணாச்சி கண்ண மூடிக்கிட்டாரு.

"அங்கன இல்ல வே. இன்னும் கொஞ்சம் கீழ."

கீழ மெத்ததான் இருந்துது. நான் சொறிஞ்சேன்.